மாத்திரையை அவளே எடுத்துக்கொள்ளட்டும்

என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம், எங்கள் தெருவில் இன்னும் சில பிள்ளைகளும் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அந்த வீடுகளில் விளக்கு எரியும். அம்மாக்கள் எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். குழாயடியில் பார்க்கும்போது, "எம்புள்ள மூணு மணிக்கே எழுந்துட்றான்க்கா, எனக்குத்தான் தூக்கம் போச்சு" என்று சலிப்பும் பெருமையுமாகச் சொல்வார்கள். நான் சிரித்து வைப்பேன். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புத்தகத்தை மூடச் சொல்லி விளக்கை அணைத்துவிடுவேன். "இந்த ஒரு கணக்கு மட்டும்மா" என்று கெஞ்சுவாள். "காலைல போட்டுக்கோ" என்பேன். மற்ற வீடுகளில் பிள்ளை தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நான் என் பிள்ளை தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது.

முதல் தடவை வந்தது பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுகளின்போது. ராத்திரி பூராவும் படித்துவிட்டுக் காலையில் பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டு நின்றவள், ஒரு சத்தம் போட்டாள். மனிதக் குரல் மாதிரியே இல்லை அது. நான் ஓடிப் பார்த்தபோது தரையில் கிடந்து கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. என் கூச்சலைக் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவர் தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவள் மூக்கருகே பிடித்தார். ஒருவர் சாவிக்கொத்தைக் கைக்குள் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனை விடப் பார்த்தார். எல்லாரும் நல்லது செய்யத்தான் வந்திருந்தார்கள். நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தோலை முகர்கிறவள். என் மகளின் மூக்கில் அந்தச் செருப்பு இருந்த காட்சி மட்டும் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். தலை முழுக்க ஒயர்களை ஒட்டி ஏதோ படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவர் என் மகளிடம்தான் முதலில் பேசினார். "காலையில எழுந்ததும் கை வெடுக்குன்னு உதறுதா? கையில இருக்கறது தெறிச்சு விழுதா?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அவள் கையிலிருந்து டம்ளரும் சீப்பும் விழுந்துகொண்டுதான் இருந்தன. பரீட்சை அவசரம் என்று நினைத்திருந்தேன்.

"இது மாத்திரைக்குக் கட்டுப்படற வலிப்புதான். ஆனா மாத்திரையை நிறுத்த முடியாது, தூக்கத்தைக் கெடுத்துக்க முடியாது. இந்த ரெண்டும் சரியா இருந்தா எல்லாரையும்போல இருக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு, "ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இல்லை என்றேன். என் கணவரும் இல்லை என்று தலையாட்டினார்.

ஆம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு வுடாத. பொண்ணு புள்ள." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அன்றைக்கு ஓடி வந்தவர்களிடம், ஜுரம் தலைக்கேறி வந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றோம். சபையில் ஜெபக் குறிப்பு கேட்கும்போதுகூட, "மகளோட படிப்புக்காக" என்றுதான் சொல்வேன். மாத்திரைகள் ஃபிரிட்ஜின் மேல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. காலையிலும் இரவிலும் நானே எடுத்து, நானே தண்ணீரோடு கொடுத்து, அவள் விழுங்குகிறவரை நின்று பார்ப்பேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வீட்டுக்குள்ளேயே வந்து போயிற்று. வேறு யாருக்கும் தெரியாது.

பிளஸ் டூ ரிசல்ட் நன்றாகவே வந்தது. பிசிக்ஸ் படிக்கப் போகிறேன், அதுவும் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்றாள். என் கணவர் எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அன்றைக்குச் சத்தம் போட்டார்.

"ஏன், வேலூர்ல காலேஜ் இல்லியா? வாணியம்பாடில இல்லியா? காலைல பஸ் ஏறினா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். திருச்சில இன்னா இருக்குது?"

"திருச்சில நீங்க ரெண்டு பேரும் இல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளே குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கோச்சிக்காதப்பா. இங்கயே படிச்சா நீங்க என்னப் பாத்துக்கினே இருப்பீங்க. படிச்சு முடிச்சப்புறமும் பாத்துக்கினே இருப்பீங்க. எத்தினி வருஷம்?"

டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, அடுத்த செக்கப்புக்கு மூன்று பேருமே போனோம். என் கணவர்தான் கேட்டார். அந்த டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தார்.

"நீ சாப்பிடற மாத்திரை பேர் என்னம்மா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காலையில எவ்வளவு, நைட்ல எவ்வளவு?"

மறுபடியும் என்னைப் பார்த்தாள். பதில்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அனுப்பலாமா வேண்டாமான்னு என்னைக் கேக்காதீங்க. காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கு. இன்னைலேர்ந்து மாத்திரையை அவளே எடுத்துக்கட்டும். நீங்க குடுக்கவும் கூடாது, ஞாபகப்படுத்தவும் கூடாது. அது நடந்துட்டா ஆம்பூரும் ஒண்ணுதான், திருச்சியும் ஒண்ணுதான். அது நடக்கலன்னா வேலூர் காலேஜ்கூட வேண்டாம்."

வெளியே வந்து மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மகள் மருந்துப் பையைப் பிரித்து அட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். இயற்பியலில் அவ்வளவு மார்க் வாங்கியவளுக்குத் தன் உடம்புக்குள் தினமும் போகிற மருந்தின் பேர் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராதபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட் டப்பா அவளுடைய அலமாரிக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எனக்குப் பழகவே இல்லை. காலையில் சமையலறையில் நின்றுகொண்டு அலமாரிக் கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்குகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். சில நாள் அது கேட்பதற்குள் பஸ் வந்துவிடும். அப்புறம் மதியம்வரை மெஷினில் கை ஓடும், மனசு ஓடாது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்ததும் உண்டு. ஒருநாள் தலை துவட்டிக்கொண்டே வந்து நின்றவள், "எண்ணாதம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

குளியலறைத் தாழ்ப்பாளும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. தாழ்போட்டுக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டால் யார் திறப்பது? கதவை ஒருக்களித்து வைத்துக் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட வேண்டும், துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என்று வைத்துக்கொண்டோம். வீட்டில் இது சரி. ஹாஸ்டலில் முன்பின் தெரியாத பெண்களுக்கு நடுவில் எப்படித் துண்டைத் தொங்கவிடுவது? ஏன் என்று கேட்பார்களே? "கேட்டா பாத்துக்கலாம்" என்றாள் மகள். அவளுக்கும் பதில் தெரியவில்லை என்பது அவள் குரலிலேயே இருந்தது.

நெமிலியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் காலை, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அவள் கையிலிருந்து தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. நான் தோசைக்கல்லை விட்டுவிட்டு வாசற்படிவரை வந்துவிட்டேன். அவள் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. முந்தின நாள் இரவு கல்யாண வீட்டுச் சத்தத்தில் மாத்திரையை மறந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் அடுப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் விட்டு விலகி நடுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையணையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கை உதறல் அடங்கியதும் எழுந்து போய் மாத்திரையை எடுத்தாள். பிறகு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு வலிப்பு வரவில்லை. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, போனில் இரண்டு வேளைக்கும் மணி அடிக்கிற மாதிரி வைத்திருந்தாள். வெளியே எடுத்துப் போகிற பையில் ஒரு சின்னப் பர்ஸில் நாலைந்து மாத்திரைகள் தனியாக இருந்தன. அதையும் அவளாகக் காட்டவில்லை, நான்தான் பார்த்தேன்.

என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு லீவு நாளில், "கிளம்பு பாப்பா, வேலூர் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போய் வரலாம்" என்று கூட்டிப்போனார். திருச்சி பஸ் எங்கே நிற்கும், எந்த ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள் என்றெல்லாம் காட்டியிருக்கிறார். "படிக்கட்டுப் பக்கத்து சீட்டு வேணாம். டிரைவருக்குப் பின்னாடி, ஜன்னல் ஓரமா உக்காரு. காத்து வரும்" என்றாராம். காற்றுக்காக மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. விழுந்தால் நடைபாதையில் விழக்கூடாது என்பதற்காகச் சொன்னார். வலிப்பு என்கிற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "அது" என்பார். "அது வந்துச்சா?" "அதுக்கு மாத்திர இருக்குதா?"

ஒருநாள் மதியம் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் லைனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மெஷினிலிருந்து சரிந்து விழுந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இழுக்கிற கையை ரெண்டு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி பாதி தைத்த ஷூவைக் கொண்டுவந்து அவள் முகத்தருகே நீட்டினாள்.

"அத எடு. கைய வுடுங்க. வாயில ஒண்ணும் வெக்காதீங்க. தள்ளுங்க, காத்து வரட்டும்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நாற்காலியை நகர்த்தினேன். என் துப்பட்டாவைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தேன். இழுப்பு தளர்ந்ததும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். வாயில் இருந்த நுரை வழிந்து வெளியே வந்தது. மூச்சு சீரானது. முதலுதவி அறை நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "யார் திருப்பிப் படுக்க வெச்சது? நல்ல வேலை செஞ்சீங்க" என்றார்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து வெகுநேரம் எங்களைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று புரிந்தவுடன் அவள் கேட்ட முதல் வார்த்தை, "அக்கா, வேலைய வுட்டு எடுத்துடுவாங்களா?" என்பதுதான்.

பக்கத்து மெஷின்காரி என் தோளைத் தொட்டு, "உனக்கு எப்டிக்கா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"என் பொண்ணுக்கு இருக்குது" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பேச்சுத்தான். பின் சீட்டுக்காரி முன் சீட்டுக்காரியிடம் சொல்கிறாள், என்னை எட்டிப் பார்க்கிறாள். "ஐயோ பாவம், அந்தப் பொண்ணா?" என்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நாங்கள் இறங்கும்வரை அவர் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "ஊருக்கே சொல்லிட்ட. இப்ப நிம்மதியா?" என்றார். மகள் என்ன என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு வந்தத நீ எப்டிம்மா சொல்லுவ? அது நான் சொல்ல வேண்டியது. யாருக்கு சொல்றது, எப்ப சொல்றதுன்னு நான் இத்தினி நாளா யோசிச்சுக்கினு இருக்கறேன். நீ ஒரே நிமிஷத்துல சொல்லிட்டு வந்துட்ட!"

அவள் அப்படி யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "யாருக்கு சொல்லப் போற நீ?" என்று அவள் அப்பா கேட்டார்.

"ஹாஸ்டல்ல என்கூட இருக்கப்போறவங்களுக்கு."

"சொல்லாத." அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா."

அவருக்கு ஒரு தங்கை இருந்ததும், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனதும் எனக்குத் தெரியும். அவர்களுடைய ஊர் கலவைக்குப் பக்கத்தில். "ஜுரத்துல போய்ட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஜுரம் இல்ல. இவளுக்கு இருக்கறதுதான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல்ல தனியா உக்கார வெச்சாங்க, அப்பறம் வர வேணாம்னுட்டாங்க. பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, அதச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. ஒருநாள் பொம்பளைங்ககூட ஏரிக்குத் துணி தொவைக்கப் போனா. கரையிலயே வந்துடுச்சு. பாதி ஒடம்பு தண்ணிக்குள்ள. கூட இருந்தவங்க பயந்துபோய் ஊருக்குள்ள ஓடிவந்து சொன்னாங்க. நாங்க ஓடினோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் கேட்டபோது இவர் தலையாட்டியது ஞாபகம் வந்தது. அதைக் கேட்கிற நேரம் இல்லை அது.

மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஓடிவந்தவங்க கெட்டவங்களாப்பா?" என்று கேட்டாள்.

"கெட்டவங்க இல்ல. பயந்துட்டாங்க."

"முழங்கால் தண்ணி இருக்குமா?"

"அவ்ளோகூட இல்ல."

"ஒருத்தர் கரைக்கு இழுத்துத் திருப்பிப் போட்டிருந்தா போதும் இல்ல? இன்னா செய்யணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல இல்லப்பா?"

அவர் எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிக்குப் போவதற்கு முன் கடைசியாக வேலூர் போனபோது, யாரும் கேட்காமலே அவர் டாக்டரிடம் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை.

எங்கள் லைனில் விழுந்த பெண்ணை மெஷினிலிருந்து எடுத்து, செக்கிங் மேசை வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தெருவில் சிலர் என் மகளைப் பார்க்கிற பார்வை மாறியது. என் சொந்தத்தில் ஒருத்தி, "இத வெச்சுக்கினா அவ்ளோ தூரம் அனுப்பற?" என்று கேட்டாள். அடுத்த வீட்டு பாய் வீட்டம்மா மட்டும் தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து, "வந்தா இன்னா செய்யணும்னு எங்களுக்கும் சொல்லிக் குடும்மா. அன்னிக்கி ஒண்ணும் தெரியாம நின்னுட்டோம்" என்றார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. மகள்தான் தரையில் படுத்துக் காட்டினாள்.

ஹாஸ்டல் அறையில் நான்கு பேர். மேலும் கீழுமாக இரண்டு இரண்டு கட்டில்கள். நாங்கள் போனபோது கீழ்க்கட்டில் இரண்டிலும் ஏற்கெனவே பெட்டி வைத்திருந்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது. நான் வாயெடுப்பதற்குள் மகள் அங்கிருந்த பெண்களிடம் சொன்னாள்: "எனக்குக் கீழ் கட்டில்தான் வேணும். ஏன்னு சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் அப்பாவும் கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

வராந்தாவில் நின்றோம். கீழே கொடிக்கம்பியில் யாருடையவோ துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவு முழுக்க மூடியிருந்ததால் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் மேலும் கீழுமாக வந்தது. நடுவில் யாரோ சிரித்தார்கள். அது என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளி இடத்தில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. கதவு திறந்தபோது ஒரு பெட்டி மேல்கட்டிலுக்குப் போயிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணுடைய பெட்டி அது. அவள் ஏணியில் நின்றபடி எங்களுக்கு வணக்கம் சொன்னாள். அந்த நால்வரில் ஒரு பெண் அடுத்த வாரமே வேறு அறை கேட்டு மாறிப் போய்விட்டாள். மகள் அதைப் போனில் சாதாரணமாகச் சொன்னாள். உண்மையிலேயே சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

முதல் செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் போன் வந்தது. மகளின் நம்பர்தான், ஆனால் வேறு குரல். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. அவளுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, நின்னுருச்சு. திருப்பித்தான் படுக்க வச்சிருக்கோம். நேரம் பாத்தோம், அஞ்சு நிமிஷத்துக்குள்ளதான். இப்போ அவ தூங்குதா. வார்டன் மேடம் பக்கத்துலயே இருக்காங்க." தூத்துக்குடிப் பெண். அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னாள்.

கிடைத்த பஸ்ஸில் கிளம்பினோம். நான் ஒரு காலிப் பையைக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டேன். அவளுடைய துணிகளை எடுத்து வருவதற்கு. வழியெல்லாம், வேலூர் கல்லூரியில் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று யோசித்துக்கொண்டே போனேன். பஸ் ஓட்டத் தெரிந்தவர் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய அவஸ்தை. அவர் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சு குழறியது. எங்களைப் பார்த்ததும் கண் கலங்கியது. "மாத்திரை போட்டேம்மா. தூங்கலதான். ரெண்டு நாளா படிச்சேன்" என்றாள். நான் பையைக் கட்டிலின் மேல் வைத்து, "போதும், வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நாளை மறுநாள் பரீட்சை இருக்குதும்மா."

"பரீட்ச போனாப் போவுது."

அப்போது என் கணவர் பேசினார். "இரு." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "அவ இன்னா தப்புப் பண்ணா? தூங்கல. அவ்ளோதான? இனிமே தூங்குவா. வூட்டுலயும்தான் வந்துச்சு. இங்கயும் வந்துச்சு. எழுதிட்டு வரட்டும்."

நான் அவரையே பார்த்தேன். அவர் அதற்குள் கதவோரம் நின்றிருந்த அந்தப் பெண்கள் பக்கம் திரும்பிவிட்டார். தன் மகள் வயசுப் பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, என்ன அங்கிள் இது!" என்று தூத்துக்குடிப் பெண் பதறிப்போய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலிப் பையைக் காலியாகவே எடுத்து வந்தோம்.

அந்தப் பரீட்சையை அவள் எழுதினாள், தேறவில்லை. மறுபடி எழுதித்தான் தேறினாள். இப்போது இரண்டாம் வருஷம். மாத்திரையின் அளவை டாக்டர் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். செக்கப்புக்கு அவளே திருச்சியிலிருந்து நேராக வேலூர் வந்து காட்டிவிட்டுத்தான் ஆம்பூர் வருகிறாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். காலையில் போன் அடித்தால் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன். கல்யாணப் பேச்சு வரும்போது என்ன ஆகும் என்று தெரியாது. யாராவது ஜாடைமாடையாகக் கேட்டால், "அவகிட்டயே கேளுங்க, அவளே சொல்லுவா" என்கிறார் என் கணவர்.

போன வாரம் பேசும்போது, லேபில் வெளிச்சத்தை வைத்து ஏதோ சோதனை செய்ததாகச் சொல்ல ஆரம்பித்தாள். இருட்டு அறையில் கோடு கோடாகத் தெரிந்ததாம். அதை எத்தனை தடவை செய்தும் சரியாக வராமல் கடைசியில் வந்ததாம். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அவள் மூச்சு விடாமல் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில், "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"சோறுதான கேக்கற?" என்றாள்.

"சோறுதான்" என்றேன்.